தனம் ரீச்சரின் வோட்டு

என் கணவர் யேசுதாசன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வரப்போவதைக் கேட்டு யாரும் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. நல்ல மனிதரோடு குடும்பம் நடத்துவதில் உள்ள கஷ்டம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். இங்கே சுவிஸில், பாடன் நகரில், எந்தத் தமிழ் வீட்டுக்கு இந்த ஊர்ப் பாஷையான டொச்சில் கடிதம் வந்தாலும் எங்கள் வீட்டு ரெலிபோன் அடிக்கும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாள் முழுக்கச் சட்டி பானையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, அவர் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து அடிக்கும். எழும்பிப் போவார். ஆறிப்போன சோற்றை நான் திரும்பச் சூடாக்குவேன்.

அப்படி எழும்பிப் போன ஒரு நாளில்தான் தனமக்காவின் வீட்டுச் சங்கதி எங்களுக்குத் தெரிய வந்தது. தனலட்சுமி என்பது முழுப் பெயர். மட்டக்களப்புப் பக்கம், ஊரில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே வந்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் பின்னேரங்களில் துப்புரவு வேலை செய்தார், அதுவும் நின்றுபோனது. அவருடைய கணவர் மகேஸ்வரனுக்கு இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் முதுகு அடிபட்டுவிட்டது. இனி வேலை செய்ய முடியாது என்று டொக்டர் சொன்னார், காப்புறுதிக்காரர் முடியும் என்றார்கள். அந்த இரண்டு தரப்பும் ஒரு முடிவுக்கு வரும்வரை நகரசபைதான் வீட்டு வாடகையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சோசியல்'. அவை சோசியலில இருக்கினம் என்று சொல்லும்போது, தொற்று நோயைப் பற்றிப் பேசுவதுபோல எல்லோருக்கும் குரல் தானாகவே இறங்கும்.

நகரசபைக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர் இவர். அன்று தனமக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது வெளிய போகப்படாது புள்ள" என்றார். போகாது என்றேன். என் வாயிலிருந்து போகவும் இல்லை.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பாடனில் எங்களுக்கு ஒரு தமிழர் ஒன்றியம் உண்டு. கத்தோலிக்கக் கோயில்பற்று மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தும். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கும் அரிவரி வகுப்பு தனமக்காவுடையது. சம்பளம் ஒரு சதமும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் அவர் சீலை கட்டி, மேலே நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தால் வேறொரு ஆள் போல இருக்கும். மற்ற நாட்களில் அவர் வேலையில்லாத ஒரு அகதி. அந்த ஒரு நாளில் மட்டும் பெரியவர்களும் அவரை "ரீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லில்தான் அவர் அடுத்த சனிக்கிழமை வரை காலம் தள்ளினார் என்று நான் நினைக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒன்றியத்தின் செயலாளர் குணசேகரம் அண்ணை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சொந்த உழைப்பில் வாழ்கிறவர்களுக்கு மட்டும்தான் ஒன்றியத்தில் வோட்டு. வோட்டு இல்லாதவர்கள் எந்தப் பொறுப்பிலும் இருக்க முடியாது. வகுப்பு எடுப்பதும் பொறுப்புத்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை வாக்குக்கு விடுவது என்று நிர்வாகசபை முடிவெடுத்தது.

குணசேகரம் அண்ணையைக் கொடுமைக்காரர் என்று சொன்னால் அது பொய். விசையாழி செய்யும் தொழிற்சாலையில் பத்து வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்தவர். அகதிகள் எங்கள் வரிப் பணத்தில் சாப்பிடுகிறார்கள் என்று பேப்பரில் வாசகர் கடிதம் வரும் நாட்களில், தொழிற்சாலைக் கன்ரீனில் அவர்தான் அதை வாசித்தவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. வதிவிட அனுமதிக்குப் போனபோது அதிகாரி கேட்ட முதல் கேள்வி சோசியல் எடுத்ததுண்டா என்பதுதானாம். நாங்கள் உழைக்கிற சனம் என்று காட்டினால்தான் இந்த நாட்டில் நிற்கலாம், ஒன்றியத்தின் பெயரிலும் அது தெரியவேண்டும் என்பது அவருடைய வாதம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. முதியோர் இல்லத்து லோண்டரியில் காய்ச்சலோடும் நான் வேலைக்குப் போனது வேறு எதற்காக?

இவருக்குக் கோபம் தலைக்கேறியது. சோசியலில் இருக்கிற எல்லோரையும் கூட்டத்துக்கு முதலே அங்கத்தவராகச் சேர்த்து, அவர்களுடைய வோட்டாலேயே அந்தத் தீர்மானத்தைத் தோற்கடிக்கப் போவதாகச் சொன்னார். ஒன்றியத்தின் பழைய யாப்பு விதிகளில் அதற்கு இடம் இருந்தது. பதினெட்டு வயதான எந்தத் தமிழரும் சேரலாம், வசதி இல்லாதவர்களுக்குச் சந்தா கிடையாது. ஆனால் அந்தச் சலுகையை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதென்றால் ஏன் என்று சொல்லவேண்டும் அல்லவா?

அந்த மாதம் முழுக்க பாடனிலும் பக்கத்து ஊர் வெட்டிங்கனிலும் எங்கள் ஆட்களுக்கு வேறு கதை இல்லை. தமிழ்க் கடையில் கருவாடு நிறுக்கிற இடத்தில்கூட இரண்டு கட்சி. சந்தா கட்டாதவன் சங்கத்தை நடத்துவதா என்று ஒரு பக்கம். இன்றைக்கு வேலை இருக்கிறவனுக்கு நாளைக்கு முதுகு உடையாதா என்று மறுபக்கம். யேசுதாசன் வோட்டுச் சேர்த்துத் தலைவராகப் பார்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள். இவருக்குத் தலைவராகிற ஆசை இருந்திருந்தால் நான் எப்போதோ தலைவரின் மனைவியாகி இருப்பேன். இவரோடு வேலை செய்யும் ரூடி என்ற கிழவர் தன் பாட்டனாரின் கதையைச் சொன்னாராம். அந்தக் காலத்தில் ஊர்ச்சபை ஏழைகளுக்குக் கொடுத்த பணத்தில் வாழ்ந்ததால் அந்த மனிதருக்கு இந்த நாட்டிலேயே வோட்டு இல்லாமல் போயிருந்தது. இவர் அந்தக் கதையைக் கடை கடையாகக் கொண்டுபோனார். நானும் என் பங்குக்கு, சுவிஸ் பொம்பிளையளுக்கே எழுபத்தொண்டிலதான் வோட்டுக் கிடைச்சது, ஊரில எங்கட அம்மம்மாமார் அதுக்கு நாற்பது வருசத்துக்கு முதலே போட்டவை என்று எடுத்துவிட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அதற்காக ஒருவரும் கட்சி மாறவில்லை.

பிழை இவருடைய சப்பாத்தில் தொடங்கியது. தமிழ் வீடுகளில் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தானே உள்ளே போவோம். இவருடையது பெரிய கால். மண்ணிறச் சப்பாத்து, ஒரு பக்கத்தில் கறுப்புக் கயிறு, மறுபக்கத்தில் வெள்ளைக் கயிறு. பாடன் முழுவதும் அதைத் தெரியும். யேசுதாசன் சோசியல் வீடுகளுக்குப் போய் ஆள் சேர்க்கிறார் என்ற செய்தி பரவிய பிறகு, அந்தச் சப்பாத்து எந்த வாசலில் கிடந்ததோ அந்த வீட்டுக்குச் சோசியல் என்று பெயர் விழுந்தது. மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சுலோஜனா என்ற பெண் கதவுச் சங்கிலியை எடுக்காமலே, "அண்ணை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கோ, ஆரும் பாக்கமுதல்" என்று சொல்லிவிட்டாளாம். இராஜேந்திரன் என்பவர் சேருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் தன் பெயரை வெட்டச் சொல்லி ரெலிபோன் எடுத்தார். சாப்பாட்டு மேசையில் நான் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆட்களுக்கு வெட்கமாக இருக்கிறது, வாசலுக்குப் போகாதீர்கள் என்றேன்.

"வெக்கப்பட என்ன கிடக்கு மேர்சி? களவெடுத்தவையோ?" என்றார்.

எங்களுக்கு அகதி முகாமோடு அந்தக் காசு முடிந்துவிட்டது. அது இல்லாதவர்களுக்குத்தான் அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த இரண்டு சப்பாத்தையும் லிமாத் ஆற்றில் எறிந்திருக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தனமக்காவின் வீட்டுக்கு மட்டும் இவரைப் போகவிடாமல் தடுத்துவிட்டேன். தனமக்கா ஏற்கெனவே அங்கத்தவர், அவரைச் சேர்க்கத் தேவையும் இல்லை. தீர்மானம் தோற்றால் வகுப்பு தொடரும், சங்கதியும் வெளியே வராது. இரண்டும் கிடைக்கும் என்றுதான் நானும் தனமக்காவும் நம்பியிருந்தோம்.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்றிலிருந்து ஏறிய பனிப்புகார் ரயில் நிலையத்தையும் மூடியிருந்தது. ஆனாலும் மண்டபம் நிறைந்துவிட்டது. இவர் சேர்த்த ஆட்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்தார்கள். தனமக்காவும் மகேஸ்வரன் அண்ணையும் நடு வரிசையில் இருந்தார்கள். எல்லோரும் எழும்பி நின்று போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தி முடிந்ததும் கூட்டம் தொடங்கியது.

குணசேகரம் அண்ணை அமைதியாக, ஒருவருடைய பெயரையும் எடுக்காமல் பேசினார். கன்ரீன் மேசையைப் பற்றிச் சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். பிறகு இவர் எழும்பினார். நன்றாகவே பேசினார். ரூடியின் பாட்டனார் வந்தார், முதுகு உடைந்த தொழிலாளி வந்தார், பிள்ளையோடு தனித்துப்போன தாய் வந்தார். அந்த இடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். என் மனம் உட்காருங்கோ, உட்காருங்கோ என்று அடித்துக்கொண்டது.

இவர் அடுத்துச் செய்தது விளங்க எங்கள் செபக்கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிகளில் நாங்கள் போகும் கத்தோலிக்கச் செபக்கூட்டத்தில் ஒரு வழக்கம். நோயாளிகள், மனக்கஷ்டம் உள்ளவர்கள் எழும்பி நில்லுங்கோ என்பார்கள். எழும்புவார்கள். மற்றவர்கள் எல்லோரும் அவர்களை நோக்கிக் கையை நீட்டிச் செபிப்பார்கள். நானும் எழும்பி நின்று அழுதிருக்கிறேன். அங்கே அது அன்பு. ஒன்றியத்தில் முக்கால்வாசிப்பேர் சைவர்கள், அவர்களுக்கு அப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியாது. இவர் அதை யோசிக்கவில்லை. பேச்சு உச்சத்துக்குப் போனதும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"இந்தச் சபையில சோசியலில இருக்கிற என்ர சகோதரங்கள் ஒருக்கா எழும்பி நில்லுங்கோ. உங்கட முகத்தைப் பாத்து இவை சொல்லட்டும், உங்களுக்கு வோட்டு இல்லையெண்டு."

ஒருவரும் எழும்பவில்லை. சுலோஜனா தன் கைப்பைக்குள் எதையோ தேடினாள். இராஜேந்திரன் கதவைப் பார்த்தார். கையை நீட்டியபடி இவர் நின்றார், முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது தொற்றியது. குணசேகரம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அந்த மண்டபத்தில் அந்த நேரம் மரியாதையாக நடந்தவர் அவர் ஒருவர்தான்.

அப்போது தனமக்கா எழும்பினார்.

முன்னால் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு, நேரே இவரைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் மகேஸ்வரன் அண்ணை தன் முதுகுப் பட்டியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கட ரீச்சரோ என்று ஒரு பெண் கேட்டது தெளிவாகக் கேட்டது. பிறகு யாரோ கை தட்டினார்கள். அப்புறம் மண்டபமே தட்டியது. இவர் அழுதுவிட்டார். நான் கை தட்டவில்லை.

சுவிஸ்காரர் ஊர்க்கூட்டத்தில் செய்வதுபோலக் கை உயர்த்தித்தான் எங்களுக்கும் வாக்கெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவாக மூன்றில் ஒரு பங்குக் கைகள்கூட உயரவில்லை. கன்ரீன் மேசைக்குத் தலையாட்டியவர்களே எதிர்த்துக் கை உயர்த்தினார்கள். நாங்கள் வென்றுவிட்டோம். இவரைத் தோளில் தட்டிய கைகளுக்கு அளவில்லை. கூட்டம் முடிந்து நான் கதிரைகளை அடுக்கும்போது தனமக்காவைத் தேடினேன். இருவரும் தேநீர் குடிக்காமலே போய்விட்டிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு வாசலில் அவருக்கு ஒரு பை காத்திருந்தது. பழைய குளிர்ச் சட்டைகள், தோய்த்து மடித்தவை. அதற்கடுத்த கிழமை பாசுமதி அரிசி மூட்டை. இதையெல்லாம் கொண்டுவந்தவர்கள் தீர்மானத்தை எதிர்த்து வோட்டுப் போட்டவர்கள், எங்கள் பக்கத்து ஆட்கள். "ரீச்சர், வீட்டில சமைச்சனீங்களோ?" என்று கேட்டார்கள். அவர் இல்லாத இடத்தில் "பாவம் தனம்" என்றார்கள். மறுகட்சிக்காரர் என்றால் இரண்டு வார்த்தை சண்டை பிடித்திருக்கலாம். இவர்களை என்ன செய்வது? அவர் எல்லாவற்றையும் வாங்கி, நன்றி சொல்லி, பஸ்ஸில் சுமந்துகொண்டு போனார்.

மூன்றாவது கிழமை, 'ப' எழுதப் பழக்கிக்கொண்டிருந்தபோது முன்வாங்கில் இருந்த சின்னப் பெண் எழும்பி, "ரீச்சர், நீங்க பாவமாம். அம்மா சொன்னவ" என்றாளாம். ஓம் என்று சொல்லி, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்தை முடித்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் மண்டபக் கதவுத் திறப்பை என்னிடம் தந்தார். முதுகு வலிக்கிறது, இனி வரமாட்டேன் என்றார். முதுகு வலி அவருடைய கணவருக்கு. நான் திறப்பை வாங்கிக்கொண்டேன்.

அவரைத் திரும்பக் கூப்பிட வீடு தேடிப் போன முதல் ஆள் குணசேகரம் அண்ணை. ரீச்சர், தீர்மானம் கொண்டுவந்தவன் நான், நானே கேக்கிறன், வாங்கோ என்றாராம். தனமக்கா தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த வசந்த காலத்தில் வேறு மாகாணத்தில் இருக்கும் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் தனமக்காவுக்கும் கணவருக்கும் வேலை கிடைத்தது. அவருக்கு அறை துப்புரவு, மகேஸ்வரன் அண்ணைக்கு வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. மாகாணம் மாறுவதற்கான கடிதங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தது என் கணவர்தான். அவர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

அதன் பிறகு ஒன்றியத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் இவர் அந்தக் கதையைச் சொன்னார். ஒரு பெண் எழும்பி நிண்டா, அண்டையோட இந்தச் சங்கம் திருந்தினது என்பார். புதிதாக வந்தவர்கள் கேட்டுக் கண் கலங்குவார்கள். நான் அந்த நேரம் பார்த்துச் சமையல் பக்கம் போய்விடுவேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் நான் மட்டும் இன்டர்லாக்கனுக்குப் போனேன். தனமக்கா பகல் ஓய்வில் ஹோட்டல் சீருடையோடே வந்தார். ஆரே என்ற ஆற்றின் கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து நான் கொண்டுபோன மீன் கட்லட்டைச் சாப்பிட்டோம். எதிரே ஜப்பான் சுற்றுலாக்காரர் கூட்டமாக நின்று மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். சோசியல் இல்லை, கடனும் இல்லை, நிம்மதியாக இருக்கிறோம் என்றார். இங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களே, வகுப்பு ஒன்று தொடங்கலாமே என்று கேட்டேன். இங்கே தான் ரீச்சர் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு நீங்கள் பேசாமல் இருந்திருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கலாமே, அந்த வோட்டுக்காக ஏன் எழும்பினீர்கள், எல்லாவற்றையும் இழந்துவிட்டீர்களே என்று அழுதேன். அவர் சீருடையில் விழுந்த கட்லட் தூளைத் தட்டிவிட்டார்.

"வோட்டுக்கு எழும்பல்ல புள்ள. யேசுதாசன் அண்ணன் கைய நீட்டிட்டுத் தனிய நிண்டாரு. ஒருத்தரும் எழும்பல்ல, பின்னால சிரிக்கவும் தொடங்கிட்டாங்க. எங்களுக்காக எத்தின நாள் சாப்பாட்ட விட்டுட்டு ஓடி வந்த மனிசன். பாத்திட்டு இருக்க ஏலாமப் போயிட்டு. பாவம் எண்டு எழும்பினன்."

பிறகு கட்லட் நன்றாக இருக்கிறது, என்ன மீன் போட்டாய் என்று கேட்டார். ரின்னில் வரும் மீன் என்றேன். வேலை நேரம் வந்துவிட்டது, போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது இவர் சாப்பாட்டு மேசையில் எனக்காகக் காத்திருந்தார். தனம் ரீச்சர் எப்பிடி இருக்கிறா என்று ஆவலாகக் கேட்டார். நல்லாய் இருக்கிறா என்றேன். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

"அண்டைக்கு எழும்பினதைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

"கதைச்சவ."

"ஏன் எழும்பினவவாம்?"

ரயிலில் வரும் வழியெல்லாம் இதற்குப் பதிலைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் யோசித்தது எல்லாம் போய்விட்டது.

"நீங்கள் கேட்டதாலதானாம்" என்றேன்.

அவர் கண் கலங்கத் தலையாட்டினார். "பாவம், நல்ல மனுசி" என்றார்.

"ஓம், பாவம்தான்" என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. ரெலிபோன் அடித்தது. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனார்.